இரு சகோதரரும் எரிந்த நூலகமும்: ‘மிஸ்ட்’ விளையாட்டின் முற்பகுதி குறித்து

‘மிஸ்ட்’ என்னும் கணினி விளையாட்டின் முற்பகுதியை மட்டுமே ஆடி முடித்த நிலையில் இக்கட்டுரையை எழுதுகிறோம். ஒரு நூலைப் பாதி வாசித்துவிட்டு மதிப்புரை எழுதிக் கொடுத்த மாணவரை நாம் வகுப்பில் கண்டித்தது உண்டு. அக்கண்டனம் இப்போது நம்மீதே திரும்பும் என்பதை அறிவோம். ஆயினும் இவ்விளையாட்டின் தொடக்கமே ஆடுபவரிடம் ஒரு தீர்ப்பை எதிர்பார்க்கிறது. எல்லாம் தெரிந்தபின் வழங்கப்படும் தீர்ப்பாக அஃது அமையவில்லை. அரைகுறையாய்த் தெரிந்த நிலையில், கைக்குக் கிடைத்த சில சான்றுகளைக் கொண்டே அதை வழங்க வேண்டியிருக்கிறது. கதையின் முடிவை அறிந்தபின் எழுதுவோமாயின், தொடக்கத்தில் நாம் எவ்வளவு அறியாதவராய் இருந்தோம் என்பதையும், அந்த அறியாமையிலும் எவ்வளவு உறுதியாய் இருந்தோம் என்பதையும் மறந்துவிடுவோம்.

இவ்விளையாட்டு நம்மிடம் வந்தது ஒரு தற்செயல். விடுமுறைக்கு ஊருக்குச் செல்லாமல் விடுதியில் தங்கிவிட்ட மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், நமது கணினியில் எழுத்துருக் கோளாறு ஒன்றைச் சரிசெய்ய வந்தார். வந்தவர், “ஐயா, இது சுடுகிற விளையாட்டு அல்ல. இதில் யாரும் சாவதில்லை. புத்தகங்களைப் பற்றியது, உங்களுக்குப் பிடிக்கும்” என்று சொல்லி இதனை நிறுவிவிட்டுப் போனார். கணினி விளையாட்டுகளைப் பற்றி அதுவரை நமக்கிருந்த கருத்து, இரவு பத்து மணிக்குமேல் விடுதி அறைகளில் எரியும் விளக்குகளைப் பற்றி விடுதிக் காப்பாளர் தரும் அறிக்கையிலிருந்து பிறந்தது. அவ்வறிக்கையை நாம் இன்னும் மதிக்கிறோம். ஆனால் அடுத்த பத்து நாள்களில் நமது அறை விளக்கும் பத்து மணிக்குமேல் எரிந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

முதலில் சில விவரங்கள். ‘மிஸ்ட்’ 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் மக்கின்டாஷ் கணினிக்காக வெளியிடப்பட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போக்கேன் நகரை அடுத்து இயங்கிய சயான் என்னும் சிறு நிறுவனம் இதைப் படைத்தது. ப்ரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்டது. படைத்தவர்களுள் முதன்மையானோர் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் உடன்பிறந்தார் இருவர். இவர்கள் ஒரு நற்செய்திப் பிரசங்கியாரின் மக்கள் என்பதை நமது வாசகர்கள் ஆர்வத்துடன் குறித்துக்கொள்வர். இதற்கு முன் சிறுவர்களுக்காகச் சில கணினிப் படைப்புகளைச் செய்தவர்கள். 1988இல் வெளிவந்த ‘தி மேன்ஹோல்’ அவற்றுள் ஒன்று. ‘மிஸ்ட்’டின் இசையை ராபினே அமைத்தார். கதையில் வரும் தந்தையாகவும் ஒரு மகனாகவும் ராண்ட் நடித்தார். மற்றொரு மகனாக ராபின் நடித்தார். ஏறத்தாழ 2,500 அசையாப் படங்களை ஹைப்பர்கார்டு என்னும் மென்பொருளில் ஒன்றோடொன்று கோத்து அமைக்கப்பட்ட இவ்விளையாட்டு 60 இலட்சம் படிகளுக்குமேல் விற்றது. 2002இல் ‘தி சிம்ஸ்’ என்னும் விளையாட்டு முந்தும்வரை, கணினி விளையாட்டுகளுள் மிகுதியாய் விற்றது இதுவே. பிற்காலத்தில் 2000ஆம் ஆண்டிலும், மீண்டும் 2020–21ஆம் ஆண்டுகளிலும் இது புதுக்கி அமைக்கப்பட்டது. அவற்றில் தீவின்மீது தடையின்றி நடந்து திரியலாம். நாம் ஆடியதோ அசையாப் படங்களைக் கொண்ட பழைய வடிவம்.

தொடக்கத்தில் ஒரு மனிதன் இருளில் விழுகிறான். அவனோடு ஒரு நூலும் விழுகிறது. அவன் நம் பார்வையினின்று மறைந்துபோக, நூல் மட்டும் நம்முன் வந்து கிடக்கிறது. அதைத் திறந்தால் பக்கத்தில் எழுத்துக்குப் பதிலாக ஒரு சிறு சாளரம். அதனுள் கடல் சூழ்ந்த ஒரு தீவு சுழன்று தெரிகிறது. அச்சாளரத்தைத் தொட்டவுடன் நாம் அத்தீவின் படகுத்துறையில் நிற்கிறோம். இவ்வளவே முன்னுரை. நீ யார், எதற்காக வந்தாய், என்ன செய்யவேண்டும் என்று சொல்வார் எவருமில்லை. மதிப்பெண் இல்லை, காலக்கெடு இல்லை, பகைவர் இல்லை. அலையோசையும் காற்றோசையும் கேட்கின்றன. துறையருகே மூழ்கிய கப்பலொன்றின் பாய்மரம் நீருக்குமேல் நிற்கிறது. மேட்டின்மீது ஆளுயரத்தினும் பெரிய பற்சக்கரங்கள் தெரிகின்றன.

முதல் ஒரு மணி நேரத்தை நாம் வீணாக்கினோம் என்றே சொல்லவேண்டும். கதவுகளைத் திறந்தோம், மூடினோம். படிகளில் ஏறினோம், இறங்கினோம். ஒவ்வொரு சொடுக்கிலும் காட்சி ஒரு படத்திலிருந்து மறுபடத்திற்கு மாறுகிறது. இடையிலுள்ள நடையை நமது மனமே நிரப்பிக்கொள்கிறது. நமது மாணவர் 2021இன் புதிய வடிவத்தையும் கொணர்ந்து காட்டினார். அதில் நடை உண்டு, நிழல் அசைகிறது, நீர் மினுங்குகிறது. எனினும் பழைய வடிவத்தில் ஒவ்வொரு படமும் ‘இங்கே நின்று இதைப் பார்’ என்று ஒருவர் தேர்ந்து வைத்ததாகத் தோன்றுகிறது. பார்ப்பதில் ஓர் ஒழுங்கு பிறக்கிறது. புதியதில் தலையைத் திருப்பித் திருப்பி எதையும் நின்று பாராமல் போய்விட்டோம். இது நமது வயதின் குறையாகவும் இருக்கலாம்.

பழைய வடிவத்தின் குறையையும் சொல்லிவிடுவோம். எந்தப் பொருளைத் தொடலாம், எது வெறும் சித்திரம் என்பதற்கு அடையாளமே இல்லை. ஆகவே சிந்தித்துத் திறக்கவேண்டிய கதவுகளைப் பலமுறை தடவித் திறந்தோம். குருட்டு வாய்ப்பினால் கிடைத்த விடை கற்றதாகாது. கோளரங்கம் போன்ற கட்டடம் ஒன்றில், கூரையின் கருவியில் நாளும் ஆண்டும் மணியும் குறித்தால் அந்நேரத்து விண்மீன்களைக் காட்டும் அமைப்பு ஒன்றுண்டு. 1984 அக்டோபர் 11 என ஒரு நாள், 1207இல் ஒரு நாள், 9791இல் ஒரு நாள் என்று குறித்துப் பார்க்கவேண்டும். அழகான கற்பனைதான். ஆனால் அந்தச் சிறு நெம்புகளை நகர்த்தி ஆண்டை 9791க்குக் கொண்டுசேர்ப்பதற்குள் நமக்கு அலுத்துவிட்டது.

பற்சக்கரத்தைக் கடந்து செல்லும் பாதையில், புல்லின்மீது ஒரு தாள் கிடக்கிறது. அஃது ஒரு கடிதம். ஏட்ரஸ் என்பவர் கேத்தரின் என்பவருக்கு எழுதியது. துறையருகே உள்ள அறையில் முக்கியமான செய்தியொன்றை விட்டுச் சென்றிருப்பதாகவும், தீவிலுள்ள குறிநெம்புகளின் எண்ணிக்கையை அங்குள்ள கருவியில் இட்டால் அச்செய்தி வெளிப்படும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. இவ்விளையாட்டில் நமது முதல் உண்மையான செயல் பிறருக்கு எழுதப்பட்ட கடிதத்தைப் பிரித்து வாசிப்பதாகும். கணவன் மனைவிக்கு எழுதியதை வழியிற் கண்டெடுத்து வாசித்துவிட்டோமே என்று ஒரு கணம் கூசினோம். பிறகு நமது தொழிலே அதுதான் என்பது நினைவிற்கு வந்தது. கொரிந்து நகரத்தாருக்கும் பிலேமோனுக்கும் எழுதப்பட்ட கடிதங்களைத்தான் முப்பது ஆண்டுகளாய் வாசித்தும் விளக்கியும் வருகிறோம். பெறுநர் நாமல்லர் என்பதை மறவாமல் வாசிக்கவேண்டும் என்று மாணவருக்குச் சொல்வோம். நாம் எத்தனை முறை மறந்திருக்கிறோம் என்பது வேறு செய்தி.

குறிநெம்புகள் எட்டு. துறையில் ஒன்று, பற்சக்கரத்தருகே ஒன்று, கோளரங்கத்தில் ஒன்று என்று தீவு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை எண்ணுவதற்காகவே தீவை முழுதும் சுற்றவேண்டியிருக்கிறது. சுற்றி முடித்தபோது தீவு நமக்குப் பழக்கமாகிவிட்டது. கட்டளையாய்ச் சொல்லாமல் கற்பிக்கும் இம்முறை ஆசிரியர் என்ற வகையில் நம்மைக் கவர்ந்தது. கருவியில் எட்டு என்று குறித்ததும் ஏட்ரஸின் உருவம் தோன்றிப் பேசுகிறது. நூலகத்தின் நூல்களுட் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுவிட்டன. அழித்தவன் நம் மக்களுள் ஒருவன். அக்கெனாராக இருக்கலாம் என ஐயுறுகிறேன், எனினும் அவசரப்பட்டு முடிவுசெய்யலாகாது. எஞ்சிய நூல்களைக் காப்பிடங்களில் வைத்திருக்கிறேன். இதுவே அச்செய்தியின் சாரம். முடிவில், பாதுகாப்பிற்காக இச்செய்தியை அழித்துவிடும்படி மனைவியைக் கேட்டுக்கொள்கிறார். நாம் அதை மூன்று முறை கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டோம்.

ஒரு தந்தை தன் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஐயுற்று, உடனே தன் ஐயத்தைத் தானே அடக்கிக்கொள்ளும் அந்தச் சில விநாடிகள் இவ்விளையாட்டின் முற்பகுதியிலேயே மிகச் சிறந்தவை என்பது நமது எண்ணம். ராண்ட் மில்லர் தேர்ந்த நடிகரல்லர். குரலில் நாடகத்தன்மை இல்லை. ஏதோ பணிக்கு நடுவில் அவசரமாய் வந்து சொல்லிச் செல்பவர்போல் சொல்கிறார். அதனாலேயே நம்பத்தகுந்ததாய் இருக்கிறது. ஆனால் அவர் அடக்கிக்கொண்ட பெயர் நமது காதில் விழுந்துவிட்டது. அவசரப்படலாகாது என்ற எச்சரிக்கை மறந்துபோகும். அக்கெனார் என்ற பெயர் மறக்காது. நூலகத்தினுள் நாம் நுழைந்தபோது ஏற்கெனவே பாதித் தீர்ப்போடுதான் நுழைந்தோம்.

நூலகம் சிறியது. அலமாரியில் நூல்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எடுத்தால் பெரும்பாலானவை எரிந்து கருகியவை. வாசிக்கத்தக்கவை சிலவே. அவற்றுள் நான்கு ஏட்ரஸின் கைப்பட எழுதிய நாட்குறிப்புகள். ஏட்ரஸ் ஒரு விந்தையான கலை வல்லவர். ஓர் உலகை நூலில் எழுத்தால் விவரித்து, அந்நூலின்வழியே அவ்வுலகிற்குச் செல்ல வல்லவர். அவ்வுலகுகளை இவ்விளையாட்டு ‘யுகங்கள்’ என்று அழைக்கிறது. காலத்தைக் குறிக்கும் சொல்லால் இடத்தைக் குறிப்பது முதலில் விந்தையாய்த் தோன்றலாம். கிரேக்கம் பயின்றோர்க்கு வியப்பிராது; ‘அய்யோன்’ என்ற ஒரே சொல் புதிய ஏற்பாட்டில் காலத்தையும் உலகையும் குறித்து நின்று, மொழிபெயர்ப்பாளரை எவ்வளவு அலைக்கழித்திருக்கிறது என்பதை அவர்கள் அறிவர். மில்லர் சகோதரர் அதனை எண்ணித்தான் இச்சொல்லைத் தேர்ந்தார்களோ என்று நாம் ஊகிக்க விரும்பவில்லை. சொல் பொருத்தமாய் அமைந்திருக்கிறது; அது போதும்.

நாட்குறிப்புகளை வாசிக்கச் சோம்பக்கூடாது. பலர் அவற்றைப் புதிர்களின் விடைக்காக மட்டும் புரட்டுவர் என்று மாணவர் சொன்னார். அவற்றில் விடைகளைவிட மிகுதியாய் இருப்பது மனிதர். ஏட்ரஸ் தாம் சென்ற யுகங்களில் யாரைச் சந்தித்தார், அவர்களோடு எவ்வாறு வாழ்ந்தார், அவர்களுக்கு உதவிட என்னென்ன கட்டினார் என்பவற்றைப் பொறுமையாய் எழுதிச் செல்கிறார். தம் மக்கள் இருவரையும் அங்கு அழைத்துச் சென்றதையும் எழுதுகிறார். சிறுவராய் இருந்த இருவரைப் பற்றிய பாசம் வரிகளுக்கிடையே தெரிகிறது. எழுதியவர் பின்னர் நடக்கப்போவதை அறியாமல் எழுதியவர். வாசிப்பவராகிய நாமோ எரிந்த நூல்களுக்கு நடுவில் நின்று அதை வாசிக்கிறோம்.

நூலகத்தின் இருபுறமும் சிவப்பு நூலொன்றும் நீல நூலொன்றும் தனித்தனியே வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் பக்கங்கள் கிழிந்து சிதறிவிட்டன. ஒவ்வொன்றின் அருகிலும் அந்தந்த நிறத்தில் ஒரு பக்கம் கிடக்கிறது. சிவப்பு நூலினுள் சிரஸ் என்னும் மகன் சிறைப்பட்டிருக்கிறான். நீல நூலினுள் அக்கெனார். ஒரு பக்கத்தை எடுத்து நூலில் சேர்த்தால், பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் இரைச்சல்போல் புள்ளிகள் குழம்பும் திரையில் ஒரு முகம் தோன்றிச் சில சொற்கள் பேசி மறைகிறது. மேலும் பக்கங்களைக் கொணருமாறு இருவரும் வேண்டுகின்றனர். பக்கங்கள் கூடக்கூட முகம் தெளிகிறது, பேச்சு நீள்கிறது, குற்றத்தை மற்றவன்மேல் சுமத்துவதும் கூடுகிறது.

நாம் முதலில் சிவப்புப் பக்கத்தையே எடுத்தோம். ஏன் என்று அப்போது எண்ணவில்லை. சிரஸ் அமைதியாய்ப் பேசுகிறான், சொற்களை அளந்து பேசுகிறான், படித்தவன்போல் தோன்றுகிறான். அக்கெனாரோ கண்களை உருட்டிச் சிரிக்கிறான். உண்மையைச் சொன்னால், நமது திருச்சபைகளின் கிறிஸ்து பிறப்பு விழா நாடகங்களில் ஏரோது வேடமிடுபவர் செய்வதையே ராண்ட் மில்லர் இங்குச் செய்கிறார். தந்தையாய் அத்தனை அடக்கத்தோடு நடித்தவர் இவ்வேடத்தில் அளவு மீறிவிட்டார். அது படைப்பின் குறையா, அல்லது நம்மைச் சிக்கவைக்க விரித்த வலையா என்பது இந்த நிலையில் நமக்கு விளங்கவில்லை. எப்படியாயினும் சிக்கிக்கொண்டோம்.

இவ்விடத்தில் நமது பணிக்காலத்து நிகழ்ச்சியொன்றைச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். குருத்துவப் பணியின் தொடக்க ஆண்டுகளில், நாம் பணியாற்றிய சேகரத்தில் உடன்பிறந்தார் இருவருக்கிடையே தந்தையின் வீட்டைக் குறித்து வழக்கு எழுந்தது. நீதிமன்றம் செல்லாமல் தீர்த்துவைக்குமாறு சபைப் பெரியோர் நம்மிடம் விட்டனர். மூத்தவர் ஆசிரியர், ஞாயிறுதோறும் பாடம் வாசிப்பவர், தாள்களை ஒழுங்காய் அடுக்கிக் கொணர்ந்து நம்முன் அமர்ந்து பேசினார். இளையவர் பேருந்துப் பணிமனைத் தொழிலாளி, வந்த அன்று குடித்திருந்தார், பேச்சு உரத்திருந்தது. இளையவரை மறுநாள் வரச்சொன்னோம். மறுநாள் அவர் வரவில்லை. நாமும் தேடிச் செல்லவில்லை. அவர் வீடு ஆற்றுக்கு அப்பால், இரண்டு மைல் தொலைவு. மூத்தவர் கூறியதைக்கொண்டே முடிவு சொன்னோம். ஆறு ஆண்டுகள் கழித்து, வேறு சேகரத்தில் இருந்தபோது, அடுக்கி வைக்கப்பட்ட அத்தாள்களுள் ஒன்று திருத்தப்பட்டது என்று அறியவந்தோம். அதற்குள் இளையவர் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டிருந்தது.

சிவப்பு நூலை மூடியபோது இது நினைவிற்கு வரவில்லை. வந்தது பிற்பாடு, இயந்திர யுகத்தில்.

காப்பிடங்களுக்குச் செல்லும் வழி நூலகத்திலேயே தொடங்குகிறது. சுவரில் தீவின் வரைபடம் ஒன்றுண்டு. குறிநெம்புகளை ஏற்கெனவே மேலே தூக்கிவைத்திருந்தால் அவ்வவ்விடங்கள் வரைபடத்தில் தோன்றும். வரைபடத்தை அழுத்திப் பிடித்தால் தீவின் கோபுரம் சுழலும். குறித்த இடத்திற்கு நேராக வரும்போது கோடு சிவக்கும். பின்னர், சுவரிலுள்ள ஓவியமொன்றைத் தொட்டால் அலமாரி பின்வாங்கிக் கோபுரத்திற்கு வழிவிடுகிறது. கோபுரத்தில் ஏணிகள் இரண்டு: ஒன்றில் ஏறினால் நூல் எங்கே மறைந்திருக்கிறது என்று தெரியும், மற்றதில் ஏறினால் அதற்குரிய திறவுகோல் கிட்டும். பற்சக்கரத்தின்பால் கோபுரத்தைத் திருப்பியபோது நமக்குக் கிடைத்த திறவுகோல் 2:40 என்ற நேரமும், 2, 2, 1 என்ற எண்களும். கரைக்கு அப்பால் நீரில் நிற்கும் மணிக்கூண்டின் நேரத்தைக் கரையிலுள்ள சக்கரங்களால் 2:40க்குத் திருப்பினோம். நீருக்கடியிலிருந்து சக்கரப் பற்களாலான பாலம் எழுந்தது. உள்ளே சென்று நெம்புகளை இழுத்து எண்களைச் சரிசெய்தபோது, தீவின் மறுகோடியில் அந்தப் பெரும் பற்சக்கரம் திறந்துகொண்டது. முதல்நாள் துறையில் இறங்கியவுடன் நாம் கண்ட பொருளே அது. அதற்குள்தான் நூல் இருந்திருக்கிறது. அன்றிரவு நாம் குழந்தைபோல் மகிழ்ந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இயந்திர யுகம் என்பது கடல் நடுவே சுழலும் ஒரு கோட்டை. கடற்கொள்ளையரிடமிருந்து மக்களைக் காப்பதற்கென்று ஏட்ரஸ் முனைந்த கதையை நாட்குறிப்பில் வாசித்திருந்தோம். சென்று பார்த்தால் கோட்டை இருக்கிறது, மக்கள் இல்லை. ஒருவரும் இல்லை.  பொறிகள் எண்ணெய் வற்றாமல் இயங்குகின்றன. யாரைக் காக்கக் கட்டப்பட்டதோ அவர்கள் எங்கே என்று கேட்பாரும் இல்லை, நம்மைத் தவிர. மிஸ்ட் தீவின் வெறுமையை முதலில் கணினியின் வசதிக்குறைவு என்று நினைத்திருந்தோம். 1993இன் கருவிகளைக்கொண்டு மனிதரை உருவாக்குவது அரிது; ஆகவே ஆளில்லாத் தீவைப் படைத்தார்கள் என்பது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வசதிக்குறைவை அவர்கள் குற்றச்சாட்டாக மாற்றிவிட்டார்கள். நாட்குறிப்பில் பெயரும் பழக்கமும் கொண்டு வாழ்ந்தோர் இங்கு இல்லை என்ற ஒன்றே சான்று. நூலை வாசிக்காமல் வருபவருக்கு இது வெறும் கோட்டை; வாசித்து வருபவருக்குக் கொலைக்களம் என்ற ஐயம் எழாமல் இராது.

சகோதரர் இருவருக்கும் அக்கோட்டையில் அறைகள் உண்டு. இரண்டிலும் அரியணை இருக்கிறது. அரியணை எதற்கு? தந்தை மக்களைக் காக்கச் சென்ற இடத்தில் பிள்ளைகள் அரியணை இட்டு அமர்ந்திருக்கின்றனர். சிரஸின் அறை செல்வச் செழிப்பாய் இருக்கிறது. அதற்குப் பின்னே மறைவறையொன்றும், அதில் பொன்னும் இருக்கின்றன. அக்கெனாரின் மறைவறையில் மனிதரை அடைக்கத்தக்க கூண்டொன்று நிற்கிறது. அதைக் கண்டவுடன் நமது பாதித் தீர்ப்பு முழுத் தீர்ப்பாயிற்று. அக்கெனாரே குற்றவாளி. சிவப்புப் பக்கத்தை எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

இங்கேதான் இவ்விளையாட்டின் மிக நுட்பமான விதியைக் குறிப்பிடவேண்டும். ஆடுபவர் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே சுமக்கலாம். ஒவ்வொரு யுகத்திலும் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என இரண்டு பக்கங்கள் உள்ளன. இருவர் சொல்லையும் சமமாய்க் கேட்கவேண்டுமாயின் ஒவ்வொரு யுகத்திற்கும் இருமுறை சென்று வரவேண்டும். இரண்டாம் பயணத்தில் புதிய காட்சியில்லை, புதிய புதிரில்லை, கோட்டையைச் சுழற்றும் முறையும், வெளிவாயிலைத் திறக்கும் நான்கு குறிகளும் ஏற்கெனவே தெரிந்தவை. அது முழுதும் வெறும் உழைப்பு. செல்லுமாறு எவரும் கட்டாயப்படுத்துவதில்லை. சிலர் இதனைப் படைப்பின் குறை என்பர். ஆடுபவரின் நேரத்தை வீணாக்கும் ஏற்பாடு என்பர். நமது மாணவரும் அவ்வாறே சொன்னார். நாம் அவரோடு உடன்படவில்லை. மறுதரப்பைக் கேட்பது எப்போதும் ஆற்றுக்கு அப்பால் இரண்டு மைல் நடப்பதாகவே இருக்கிறது. அதைச் சுவையானதாக ஆக்கியிருந்தால் யாவரும் சென்றிருப்பர். அதில் அறியத்தக்கது எதுவும் இருந்திராது.

சிவப்பு நூலில் இரண்டாம் பக்கத்தைச் சேர்த்தோம். சிரஸ் முன்னினும் தெளிவாய்த் தோன்றினான். நன்றி கூறினான். தான் குற்றமற்றவன் என்றான். சகோதரன்மேல் பழி கூறினான். கனிவாகவே கூறினான். அந்தக் கனிவைக் கேட்டபோதுதான் அடுக்கி வைக்கப்பட்ட அந்தத் தாள்கள் நமது நினைவிற்கு வந்தன. அவன் அறையிலும் அரியணை இருந்ததே, அதை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டோம். கூண்டு கண்ணுக்குத் தெரிகிற கொடுமை. பொன் எவ்வாறு வந்தது என்று நாம் கேட்கவேயில்லை. இருவரும் குற்றவாளிகளாய் இருக்கக்கூடும் என்ற எண்ணம் அதுவரை நமது குறிப்பேட்டில் ஓரிடத்திலும் இடம்பெறவில்லை. இரண்டு நிறங்களை எதிரெதிரே வைத்தவுடன் ஒன்று மெய், மற்றது பொய் என்று கொண்டுவிட்டோம். தேர்வுத்தாளில் அப்படிக் கேள்வி அமைப்பவர் நாமாதலால், அப்பழக்கம் எளிதில் விடவில்லை.

ஒரு மறுப்பை மட்டும் அழுத்தமாய்ப் பதிவுசெய்ய விரும்புகிறோம். இவ்விளையாட்டில் கேட்பதும் விடுவிப்பதும் ஒரே செயலாகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஒருவன் சொல்லைக் கேட்கவேண்டுமானால் அவனுக்குப் பக்கம் கொடுக்கவேண்டும். பக்கம் கொடுத்தால் அவன் வலுப்பெறுகிறான். அவனுக்கு ஒன்றும் அளிக்காமல் அவனை விசாரிக்க வழியில்லை. நாட்குறிப்புகளில் வரும் மக்களுக்கோ பக்கமும் இல்லை, பேச்சும் இல்லை. தீங்கிழைத்தோர் எனத் தோன்றும் இருவருக்கு மட்டுமே குரல் உண்டு. தீங்கிற்குள்ளானோர் ஏட்ரஸின் எழுத்தில் மட்டும் வாழ்கின்றனர். கடிதத்தின் பெறுநரான கேத்தரினும் நாம் ஆடிய அளவில் எங்கும் தோன்றவில்லை. ஒரு குடும்ப வழக்கில் தாயின் சொல் கேட்கப்படவேயில்லை என்பது எவ்வளவு பெரிய குறை என்பதைக் குடும்ப வழக்குகளைத் தீர்க்க முயன்ற எவரும் அறிவர். இது பின்னர் நிறைவு செய்யப்படுகிறதா என்று நமக்குச் சொல்லவேண்டாம்.

மறுநாள் மாலை வகுப்பு முடிந்ததும் இயந்திர யுகத்திற்கு மீண்டும் சென்றோம். பற்சக்கரத்தினுள் புகுந்து, கோட்டையின் நெடுவழிகளைக் கடந்து, கூண்டிருந்த அறையின் பக்கத்தினின்று நீலப் பக்கத்தை எடுத்துக்கொண்டோம். ஒலியைக் கேட்டுத் திசையறிந்து கோட்டையைச் சுழற்றுவதில் இம்முறையும் இரண்டுமுறை தவறினோம். நமது செவி கூர்மையானதன்று. நான்கு குறிகளைக் குறிப்பேட்டைப் பார்த்து இட்டுத் திரும்பி வந்தோம்.

இதை எழுதும் நேரத்தில் நூலகத்தில் நீல நூலின்முன் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறோம். இன்னும் மூன்று யுகங்கள் இருக்கின்றன. கப்பல் நீருக்குமேல் எழுந்துவிட்டது, ஆனால் நாம் ஏறவில்லை. விடுதி திறந்துவிட்டது. மாணவர் வராந்தாவில் எதிர்ப்படும்போதெல்லாம், “ஐயா, எதுவரைக்கும் போயிருக்கிறீர்கள்?” என்று கேட்கிறார். முடிவை மட்டும் சொல்லிவிடவேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.